கபடிப் போட்டியில் தேசிய கீதம்: ஆட்டத்துக்கு ஆட்டமா, ஒரே தடவையா, வேண்டவே வேண்டாமா?

வெண்ணாற்றங்கரை கேட்டது:

எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குப் பக்கம், வெண்ணாற்றை ஒட்டியது. மாசியில் மன்றத்தின் சார்பில் இரண்டு ராத்திரி கபடிப் போட்டி நடத்துகிறோம். சம்பா அறுத்த வயலிலெல்லாம் உளுந்து முளைத்துக் கிடக்கும் என்பதால் கோயில் திடலில்தான் களம். மேட் கிடையாது, மண் தரை. மன்னார்குடி, ஒரத்தநாடு, வலங்கைமான், பாபநாசம் பக்கமிருந்தெல்லாம் முப்பது அணி வரும். வடுவூர் அணி வந்துவிட்டால் திடல் கொள்ளாது. மன்றச் செயலாளர் என்கிற முறையில் பந்தல், மைக் செட், நடுவர்களுக்குச் சாப்பாடு, சுழற்கோப்பை எல்லாம் என் பொறுப்பு.

போன வாரக் கூட்டத்தில் தேசிய கீதம் பற்றிப் பேச்சு வந்து ஊரே இரண்டு கட்சியாகிவிட்டது. டிவியில் புரோ கபடி தொடக்க நாளில் கீதம் பாடுவதைப் பார்த்த பையன்கள், "இங்கேயும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் இரண்டு அணியையும் வரிசையில் நிறுத்திப் போட வேண்டும்" என்கிறார்கள். பெரியவர்கள், "பரிசு கொடுத்து முடித்ததும் கடைசியில் ஒரு தடவை. எந்த விழாவும் அப்படித்தானே" என்கிறார்கள். ஒருவர் மட்டும், "விளையாட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம், பள்ளிக்கூடத்தோடு விட்டுவிடுங்கள்" என்றார்.

போன வருஷம் நடந்ததைச் சொன்னால்தான் என் கவலை புரியும். அரையிறுதிக்கு முன்னால் ஒரு பையன் யாரையும் கேட்காமல் செல்போனை மைக்கில் வைத்துக் கீதத்தைப் போட்டுவிட்டான். பாதிப் பேர் எழுந்தார்கள். டீக்கடைப் பக்கம் நின்றவர்களுக்கு என்ன ஓடுகிறது என்றே தெரியவில்லை. முன்வரிசையில் மூட்டுவலிக்காரப் பெரியவர் ஒருவர் நாற்காலிக் கையை அழுத்திப் பிடித்து எழ முயன்றுகொண்டிருந்தார். நாற்காலி மண்ணில் சரிய, மறுபடி உட்கார்ந்தார். பின்னாலிருந்து ஒருவன், "யோவ், எழுந்திரிய்யா! நீ எந்த நாட்டுக்காரன்?" என்று கத்தினான். பெரியவரின் பேரன் களத்தில் நின்றிருந்தான். அவன் வரிசையை விட்டு ஓடிவர, அவன் அணி மொத்தமும் பின்னாலேயே வந்தது. கீதம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நடுவர்கள் குறுக்கே நின்று தடுத்ததால் கைகலப்பு இல்லாமல் போயிற்று. அந்தப் பெரியவர் இறுதியாட்டத்துக்கு வரவில்லை. சடுகுடு என்றால் சோறு தண்ணி மறக்கிற மனிதர் அவர்.

கீதமே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அதைச் சாக்காக வைத்து இன்னொருவரை அவமானப்படுத்த நான் இடம் கொடுக்க மாட்டேன். எப்போது வைக்கலாம், எப்படி வைக்கலாம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஒரத்தநாட்டு முன்னாள் ராணுவன் எழுதியது:

தம்பி, கட்டாயம் வையுங்கள். அதுவும் ஆட்டத்துக்கு முன்னால் வையுங்கள்.

கடைசியில் வைப்பது பழைய வழக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் இறுதியாட்டம் முடிய விடியற்காலை மூன்று மணி ஆகும். தோற்ற அணி வேனில் ஏறியிருக்கும். ஜெயித்த அணி கோப்பையோடு போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும். பந்தல்காரர் நாற்காலி அடுக்க ஆரம்பித்திருப்பார். யாருக்காகப் பாடுவது?

இன்னொன்றும் சொல்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. நம் பக்கத்தில் அணியின் பெயரைக் கேட்டாலே எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளைகள் என்பது தெரிந்துவிடும். பனியனில் யார் படம் போட்டிருக்கிறது என்று பார்த்தால் மிச்சமும் தெரிந்துவிடும். களத்தில் ஒரு பிடி கொஞ்சம் முரட்டுத்தனமாக விழுந்தால், அது ஆட்டத்தோடு நிற்பதில்லை. அப்படிப்பட்ட இரண்டு அணிகள் தோளோடு தோள் ஒரே பக்கம் பார்த்து நிற்கிற நேரம் அந்த 52 விநாடி மட்டும்தான். அதையும் எடுத்துவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது?

1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கில் தியான் சந்தின் ஹாக்கி அணி பிரிட்டிஷ் கொடியின் கீழ்தான் ஆட வேண்டியிருந்தது. ஜெர்மனியோடு இறுதியாட்டத்துக்கு இறங்குமுன், உடை மாற்றும் அறையில் காங்கிரஸ் மூவண்ணக் கொடியை எடுத்து வைத்து வணங்கிவிட்டுத்தான் போனார்கள். ஆட்டம் 8-1. தேதி ஆகஸ்ட் 15, சுதந்திரத்துக்குச் சரியாகப் 11 வருஷம் முன்னால். அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு செய்ததை நாம் திடலில் விளக்குப் போட்டுச் செய்யலாம். தயங்க வேண்டியதில்லை.

கத்தியவன் செய்தது தப்பு. அதற்காகக் கீதத்தை ஒதுக்காதீர்கள்.

திருவையாறு பி.டி. டீச்சர் எழுதியது:

செயலாளர் தம்பி, முதலில் அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போய் இந்த வருஷப் போட்டிக்கு வரச் சொல்லி அழையுங்கள். மன்றத்திலிருந்து நாலு பேராகப் போங்கள். மற்றது அப்புறம்.

நான் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டரங்கத்திலும் வட்டார மைதானங்களிலும் பிள்ளைகளைக் கீதத்துக்கு நிறுத்தியே என் காலம் போயிற்று. அதனால் இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு.

ஒருவர் நாட்டின் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு இறங்கினால், அங்கே கீதம் இருந்தே ஆக வேண்டும். லால்குடிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவை நினைத்துப் பாருங்கள். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் நம் அணி இரண்டாவதாக வந்தது. மேடையில் வெள்ளியோடு நின்றார்கள், ஒலித்தது பஹ்ரைன் கீதம். அப்புறம் பஹ்ரைன் ஓட்டக்காரி ஊக்கமருந்தில் சிக்கி, 2020-ல் தங்கம் நம் அணிக்கு வந்தது. பதக்கம் கைக்கு வரும், சாதனைப் பட்டியலையும் திருத்துவார்கள். ஆனால் அன்றைக்கு ஜகார்த்தாவில் அந்த மைதானம் எழுந்து நிற்க, நம் கீதம் ஒலித்திருக்க வேண்டிய அந்த நேரத்தை யாரால் திருப்பித் தர முடியும்? என்னிடம் ஓடிய பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். கீதம் அவ்வளவு பெரிய விஷயம் என்பதால்தான், அதை ஆட்டத்துக்கு ஆட்டம் போடாதீர்கள் என்கிறேன்.

கணக்குப் பாருங்கள். முப்பது அணி, நாக் அவுட் என்றால் 29 ஆட்டம். 29 தடவை 52 விநாடி, ஏறக்குறைய 25 நிமிஷம். நேரம்கூடப் பரவாயில்லை. நாலாவது ஆட்டத்திலேயே ரைடர் முழங்கால் பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்பான். பத்தாவது ஆட்டத்தில் வர்ணனையாளர் கீதம் முடிவதற்குள், "அடுத்து ஆட வேண்டிய அணிகள் தயாராக இருக்கவும்" என்று அறிவிப்பார். சுண்டல் விற்கிறவர் எத்தனை தடவை கூடையை இறக்கி வைப்பார்? மரியாதை இல்லாதவர்கள் என்று அவர்களைச் சொல்ல மாட்டேன். அளவுக்கு மிஞ்சி வைத்தவர்கள் மேல்தான் தப்பு.

இந்தத் தினப்படி வழக்கம் அமெரிக்காவிலிருந்து பரவியது. 1918 செப்டம்பரில், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, சிகாகோவில் பேஸ்பால் உலகத் தொடரின் முதல் ஆட்டம். கூட்டம் சுரத்தில்லாமல் உட்கார்ந்திருந்தது. ஏழாவது இன்னிங்ஸ் இடைவேளையில் பேண்டு வாத்தியம் அவர்களுடைய பாட்டை வாசிக்க, கடற்படையிலிருந்து விடுப்பில் வந்து ஆடிய வீரர் ஒருவர் விறைப்பாகச் சல்யூட் வைத்தார். கூட்டம் மெல்ல மெல்லச் சேர்ந்து பாடி, கடைசியில் ஆர்ப்பரித்தது. அடுத்தடுத்த ஆட்டங்களிலும் வாசித்தார்கள். அந்தப் பாட்டு அங்கே சட்டப்படி தேசிய கீதம் ஆனதே 1931-ல்தான். இரண்டாம் உலகப் போர் வந்தபோது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் என்று நிலைத்துவிட்டது. போர் முடிந்தும் பழக்கம் நின்றபாடில்லை. உள்ளூர்க் கிளப் ஆட்டத்துக்குக்கூட இன்றும் பாடுகிறார்கள். 2016-ல் காலின் கேப்பர்நிக் என்கிற அமெரிக்கக் கால்பந்து (அமெரிக்கன் ஃபுட்பால்) வீரர், கறுப்பின மக்களுக்கு நடக்கும் அநீதியைக் காட்டுவதற்காகக் கீதத்தின்போது மண்டியிட்டார். நாடே இரண்டுபட்டது. அடுத்த சீசனிலிருந்து எந்த அணியும் அவரைச் சேர்க்கவில்லை. எல்லா ஆட்டத்திலும் வைத்தால், யார் நிற்கிறார்கள், யார் வாயசைக்கிறார்கள் என்று எல்லா ஆட்டத்திலும் வேவு பார்ப்பதில்தான் போய் நிற்கும். உங்கள் திடலில் அந்தப் பெரியவருக்கு நடந்தது அதுதானே.

நம் ஐபிஎல் லீக் ஆட்டங்களில் வழக்கமாகக் கீதம் கிடையாது. சென்னை, மும்பை என்று மோதும்போது யாரும் அதைக் குறையாகச் சொல்வதில்லை. இந்தியா ஆடும்போது உண்டு. அந்தப் பிரிவினை எனக்குச் சரியாகப் படுகிறது.

ராணுவ அண்ணன் சொன்ன தெரு விஷயம் உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ரெக்கார்டைப் போட்டு நிறுத்தினால் இரண்டு அணியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், அவ்வளவுதான். சேர்ந்து பாடினால்தான் சேர்ந்ததாகும். 1905-ல் கார்டிஃப் நகரில் நியூசிலாந்து ரக்பி அணி ஹாக்கா என்கிற தன் போர் நடனத்தை ஆடி முடித்ததும், வேல்ஸ் வீரர்கள் தங்கள் பாட்டைத் தொடங்க, மொத்தக் கூட்டமும் கூடவே பாடியது. விளையாட்டுக் களத்தில் நாட்டுப் பாட்டு ஏறிய மிகப் பழைய நிகழ்வுகளில் அது ஒன்று. ஒலிபெருக்கியும் இல்லை, உத்தரவும் இல்லை.

என் யோசனை: முதல் நாள் தொடக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து. தேசிய கீதம் ஒரே ஒரு தடவை, உங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் வாயால். தமிழ்த்தாய் வாழ்த்தை 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்தபோது, இசைத்தட்டைத் தவிர்த்து வாய்ப்பாட்டாகப் பாடச் சொல்லித்தான் அரசே சொன்னது. கீதத்துக்கும் அதுவே நல்லது.

பாடும் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம். எல்லாரும் உற்சாகத்தில் உச்சக் குரலில் எடுப்பார்கள். நடுவில் தெரியாது. முடிவில் அடுத்தடுத்து வரும் மூன்று 'ஜய ஹே'யில் முதலாவது வரும்போது குரல் ஏறாமல் பாதிப் பேர் நிறுத்திவிடுவார்கள், மீதிப் பேர் கத்துவார்கள். ஆகவே முதலில் அந்த 'ஜய ஹே'யைப் பாடச் சொல்லி, அது சிரமமில்லாமல் எட்டுகிற சுருதியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கீழே இறங்கித் தொடக்கத்துக்கு வாருங்கள். சுருதிப் பெட்டி இருந்தால் நல்லது, செல்போன் சுருதியும் போதும். இழுக்கவும் விடாதீர்கள். இழுத்தால் ஒன்றேகால் நிமிஷம் போய்விடும். 52 விநாடியில் முடியும்போதுதான் அதற்கு நடை இருக்கும்.

கும்பகோணம் வக்கீல் எழுதியது:

சட்டத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

கீதம் ஒலிக்கும்போது எழுந்து நிற்க வேண்டும் என்பது உள்துறை அமைச்சக ஆணை. 1971-ஆம் ஆண்டு தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் தண்டிப்பது, கீதம் பாடுவதை வேண்டுமென்றே தடுப்பவரையும் பாடுகிற கூட்டத்தில் இடையூறு செய்பவரையும். மூன்று வருஷம் வரை சிறை. மூட்டுவலியில் எழ முடியாதவர் இதில் எங்கும் வர மாட்டார். பாதிக் கீதத்தில் கூச்சல் போட்டவர் வருவாரா என்று கேட்டால், யோசிக்க வேண்டிய கேள்விதான்.

சினிமா தியேட்டரில் கீதம் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2016 நவம்பரில் உத்தரவிட்டது. சில நாளிலேயே மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்குத் தந்தது. 2018 ஜனவரியில் கட்டாயத்தையே எடுத்துவிட்டது. அதற்கெல்லாம் முன்பு, 1986-ல் கேரளப் பள்ளி வழக்கு. மூன்று பிள்ளைகள் தங்கள் மத நம்பிக்கையால் பாடவில்லை, ஆனால் மரியாதையாக எழுந்து நின்றார்கள். பள்ளியிலிருந்து நீக்கினார்கள். நீக்கியது செல்லாது, பாடச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

உங்கள் போட்டியில் கீதம் வைத்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வைக்கக் கூடாது என்றும் இல்லை. ஒழுங்கும் மரியாதையும் இருந்தால் கூட்டாகப் பாடத் தடையில்லை.

வலங்கைமான் ஒலி ஒளி எழுதியது:

மைக் செட் கட்டுகிறவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை. செல்போனிலிருந்து மட்டும் போடவே போடாதீர்கள். நடுவில் யாராவது கூப்பிட்டால் ரிங் டோன் ஊருக்கே கேட்கும். யூடியூபில் போட்டால் முதலில் விளம்பரம் வரும். பெரிய இடத்திலேயே தப்பு நடக்கிறது. 2025 பிப்ரவரியில் லாகூரில் ஆஸ்திரேலியா, இங்கிலாந்து கிரிக்கெட் ஆட்டத்துக்கு முன்னால் ஆஸ்திரேலிய கீதத்துக்குப் பதிலாக நம் கீதம் சில விநாடி ஓடியது. 2024 பாரிஸ் ஒலிம்பிக் கூடைப்பந்தில் தெற்கு சூடானுக்கு சூடான் கீதத்தைப் போட்டார்கள்.

பிள்ளைகள் பாடினால், மேடைக்குப் பக்கத்து பாக்ஸ் மட்டும் வைத்து, தெருக்கோடியில் கட்டியிருக்கிற குழாய் ஸ்பீக்கர்களை அந்த ஒரு நிமிஷம் அணைக்கச் சொல்லுங்கள். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 170 மீட்டர் தள்ளி இருக்கிற குழாயின் சத்தம் திடலுக்கு அரை விநாடி பிந்தித் திரும்பி வரும். கூடப் பாடுகிறவர்களுக்கு எதைப் பிடிப்பது என்று தெரியாமல் தாளம் கெடும். எக்கோவையும் முழுக்கக் குறைக்கச் சொல்லுங்கள். வர்ணனைக்கு வைத்த எக்கோவோடு கீதம் பாடினால் ஒரு சொல்லும் விளங்காது.

தோஹாவில் மன்னார்குடிக்காரன் எழுதியது:

டீச்சர் சொன்னதை நான் நேரில் அனுபவித்திருக்கிறேன். 2024 ஜனவரி 13, இங்கே அகமது பின் அலி அரங்கில் ஆசியக் கோப்பை, இந்தியா ஆஸ்திரேலியா கால்பந்து ஆட்டம். ரூமில் இருக்கிற மலையாளி, வங்காளி, ராஜஸ்தான்காரர் எல்லாரும் ஒன்றாகப் போனோம். கீதம் தொடங்கியதும் எங்கள் வரிசையில் ஆளுக்கொரு உச்சரிப்பில் பாடினோம். என் பக்கத்தில் நின்றவர் சூப்பர்வைசர் திட்டினாலும் முகம் மாறாத ஆள், அன்றைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டே பாடினார். 2-0 என்று தோற்றோம். ஆனாலும் அந்தப் பாட்டுக்காகவே போனது தகும் என்று எல்லாரும் பேசிக்கொண்டு வந்தோம்.

ஊர்ப் போட்டியிலும் ஒரு தடவை வையுங்கள் அண்ணே. இறுதியாட்டத்தை யூடியூபில் லைவ் போடுகிறீர்கள் அல்லவா? அங்கே ராத்திரி ரெண்டு மணி என்றால் இங்கே பதினொன்றரை, ஷிப்ட் முடித்துப் பார்க்கிறோம். தயவுசெய்து கடைசியில் வைக்காதீர்கள். ஜெயித்ததும் லைவை நிறுத்திவிடுகிறார்கள்.

ஒரத்தநாட்டு முன்னாள் ராணுவன் எழுதியது:

டீச்சரம்மா, 29 தடவை வேண்டாம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். வாயால் பாட வேண்டும் என்பதையும் ஏற்றுக்கொள்கிறேன். படையில் நாங்கள் வாயால்தான் பாடினோம். ஆனால் இடம், நேரத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். இறுதியாட்டத்துக்கு முன்னால், திடல் நிரம்பியிருக்கும்போது. இரண்டு அணியையும் எதிரெதிரே நிறுத்தாமல், ஆள் மாற்றி ஆள் கலந்து ஒரே வரிசையாக நிறுத்துங்கள். இந்தத் தெருப் பையன், அடுத்து அந்தத் தெருப் பையன், மறுபடி இந்தத் தெரு. அதை ஊர் பார்க்கட்டும்.

திருவையாறு பி.டி. டீச்சர் எழுதியது:

அண்ணன் சொன்ன வரிசை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. இறுதியாட்டத்துக்கு முன்னால் என்பதற்கும் சம்மதம். என் பழக்கம் கடைசியில் பாடுவது, ஆனால் மூன்று மணி நிலவரத்தை நீங்கள் சொன்ன பிறகு அதில் நியாயம் இல்லை.

ஒன்று மட்டும். பாடுமுன் மைக்கில் யார் அறிவிக்கிறாரோ அவர், "எல்லாரும் எழுந்து நிற்கவும்" என்பதோடு, "எழ முடியாத பெரியவர்கள் உட்கார்ந்தே இருக்கலாம்" என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகு பத்து விநாடி பொறுக்க வேண்டும். எழ நினைக்கிறவர் எழ நேரம் வேண்டாமா? போன வருஷம் அந்தப் பெரியவருக்கு அந்தப் பத்து விநாடி கிடைக்கவில்லை.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி கூட்டம் போட்டு இதை எல்லாம் வாசித்துக் காட்டினேன். முதல் நாள் தமிழ்த்தாய் வாழ்த்து, இறுதியாட்டத்துக்கு முன் ஒரு தடவை தேசிய கீதம், இரண்டையும் மேல்நிலைப் பள்ளி பிளஸ் ஒன் பெண் பிள்ளைகள் பாடுகிறார்கள். ஆள் மாற்றி ஆள் நிறுத்துவதற்குப் பையன்கள் முதலில் முகம் சுளித்தார்கள். இறுதிக்கு வருகிற அணிகளுக்கு இது விதி, இஷ்டமில்லாவிட்டால் நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டாம் என்று துண்டுப் பிரசுரத்திலேயே அச்சடிக்கச் சொல்லிவிட்டேன். வக்கீல் சார் எழுதியதை வாசித்தபோது, போன வருஷம் கத்திய பையன் கூட்டத்தில்தான் இருந்தான். ஒன்றும் பேசவில்லை. பெரியவர் வீட்டுக்குப் போகிறபோது தானும் வருகிறேன் என்று மட்டும் அப்புறம் என்னிடம் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை காலையில் போகிறோம்.

வலங்கைமான் அண்ணே, குழாய் ஸ்பீக்கருக்குத் தனி ஸ்விட்ச் வைக்க முடியுமா என்று எங்கள் மைக் செட்காரர் கேட்கிறார். அவர் ஒரே ஆம்ப்ளிபையரில்தான் எல்லாவற்றையும் மாட்டியிருக்கிறார்.

டீச்சர், பிள்ளைகளுக்குச் சுருதி பிடித்துக் கொடுக்க இங்கே யாரும் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் ஒத்திகை. தஞ்சாவூரிலிருந்து ரயிலில் வந்தால் நீடாமங்கலம் ஸ்டேஷனுக்கு வண்டி அனுப்புகிறேன். ராத்திரிச் சாப்பாடு எங்கள் வீட்டில்.